என் மகனுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று செபித்தேன்

ஆண்டவரை நம்பும் அன்பு உள்ளங்களே, இந்தச் சாட்சியைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் தொடங்குகிறேன்.

போன வருடம் செப்டம்பரில், என் மகன் டேனியலுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள், அதாவது பங்கில் எங்கள் பகுதிச் செபக்குழுவினர் எல்லாம், கூடிச் செபித்தன. நானும் கைகூப்பி நின்றேன். ஆனால் மனசுக்குள், "தாயே, கிடைக்கவே கூடாது" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் அவர்கள் பேச்சைத்தான் கேட்டார். தெற்கே, நாட்டின் அந்தக் கோடியில், பொறியியல் படிப்பு. முதல் வருடம் ஹாஸ்டலில் தங்கியே ஆக வேண்டும். ஆயர் ஈத்தாம் ஊரில் எங்கள் ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். நான் பாயசம் கிண்டினேன். கை பாட்டுக்குக் கிண்டியது, மனசு அதில் இல்லை.

என் பயத்துக்குக் காரணம் என் தம்பி சவரி. அவன் எங்களோடுதான் இருக்கிறான். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்து எடை போடுவான். வேலை முடிந்தால் நேரே வீடு. கேட்டால் பதில் சொல்வான், அவனாக எதுவும் பேச மாட்டான். பள்ளியில் கணக்கில் அவன் புலி. அவனும் ஒரு காலத்தில் தெற்கே படிக்கப் போனவன்தான். அவனை வழியனுப்பப் போனபோது, அதே கல்லூரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த சில மூத்த மாணவர்களைப் பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் அப்பா பார்த்துவிட்டார். எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சவரியின் கையைப் பிடித்து அவர்களில் ஒருவன் கையில் வைத்து, "நம்ம பையன் தம்பி. ஒன்னும் தெரியாது. பார்த்துக்குங்க" என்றார்.

"கவலைப்படாதீங்க அங்கிள், நாங்க இருக்கோம்" என்றான் அவன். மரியாதையான பிள்ளை.

முதல் விடுமுறைக்கு முன்பே சவரி பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். "அறிமுகம்" என்று மட்டும் சொன்னான். புதிய மாணவர்களை சீனியர்கள் அறை அறையாக எழுப்பிச் செய்யும் பகடிவதைக்கு அங்கே அதுதான் பெயராம். என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லை. அப்பா சாகும்வரை கேட்டுப் பார்த்தார். இன்றுவரை யாராவது கதவைத் தட்டினால் சவரியின் முகம் வெளுத்துவிடும். அதனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை வெளியில் நின்று "பிலோமினா" என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன். பரவாயில்லை, கொஞ்சம் ராங்கியும் உண்டு.

டேனியலுக்கு இடம் கிடைத்ததும் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் அப்பா நம்பிய அதே விஷயத்தைத்தான் சொன்னார்கள். எங்கள் அன்பியத் தலைவி ரோசி அக்காவும் அதைத்தான் சொன்னார்.

"ஏன் பிலோ மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? அங்க நம்ம புள்ளைங்க நெறைய பேரு இருக்காங்க லா. சொல்லி வச்சா தங்கமா பார்த்துக்குவாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கே படிக்கும் ஒரு பையனிடம் டேனியலின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டார். நல்ல மனசு அவருக்கு.

ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டேனியலின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்து நின்றான். சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றுகொண்டு, "சரிங்கண்ணே... தெரியும்ணே" என்றான். பிறகு யார் யாருடைய பெயரையோ ஊரையோ வரிசையாக ஒப்பித்தான். நடுவில் தடுமாறினான். மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தான். சொந்த வீட்டில், அப்பா அம்மா பார்க்க, எங்கேயோ இருக்கும் ஒருவனுக்காக என் பிள்ளை எழுந்து நின்றான்.

"யாருடா அது?" என்றேன்.

"சீனியர்மா. ரோசி ஆன்ட்டி நம்பர் குடுத்த அண்ணன். சும்மா அறிமுகம். எல்லாரும் பண்றதுதான் லா."

சவரியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

நான் கத்தினேன். போகவே வேண்டாம் என்றேன். "மாமாவுக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது. அதை வச்சு என்னை ஏம்மா பயமுறுத்துறீங்க?" என்று கேட்டான் டேனியல். என் கணவர் தனியாகக் கூப்பிட்டு, "நீ கத்தினா இனிமே மறைச்சுப் பேசுவான், அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்தது செபமே இல்லை, சண்டை. வெங்காயம் உரித்துக்கொண்டே மாதாவைக் கேட்டேன். "உன் பிள்ளையையும் நடுவில் நிறுத்தி வைத்துச் சிரித்தார்களே, நீயும் பார்த்துக்கொண்டுதானே நின்றாய்? என்னை அப்படி நிற்க வைக்காதே. என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. ஏறுகிற வார்த்தையை நீயே கொடு." அழுகை பொங்கி வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அக்டோபர், செபமாலை மாதம். டேனியல் புறப்பட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அன்று மாலைச் செபத்துக்கு ரோசி அக்காவும் வந்திருந்தார். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் யாருக்காக வேண்டுகிறோம் என்று வாய்விட்டு ஒரு கருத்தைச் சொல்வோம். மற்றவர்கள், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். சவரியின் முறை வந்தால் தலையை மட்டும் அசைப்பான், அடுத்தவர் தொடர்வார். இத்தனை வருடமும் அப்படித்தான். அன்று நான் வாயைத் திறக்கப் போனேன். சவரி முந்திக்கொண்டான்.

"என்னை எழுப்பி, குளிக்கிற ரூமுக்குக் கூட்டிட்டுப் போன அண்ணனுக்காக."

டேனியல்தான், பழக்க தோஷத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றான்.

"பேரு, ஊரு மறந்தப்பல்லாம் தண்ணித் தொட்டியில என் தலையை அமுக்குனவருக்காக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"கதவுகிட்ட காவல் நின்னு சிரிச்சவருக்காக. பக்கத்துக் கட்டில்ல தூங்குற மாதிரி படுத்திருந்த என் கூட்டாளிக்காக."

குரல் நடுங்கவில்லை. கடையில் சாமான் பெயர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனான். சிலவற்றை இங்கே எழுத மாட்டேன். ரோசி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பாவிகளுக்காக மன்றாட எனக்கு நாக்கு எழவில்லை. டேனியல் மட்டும்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"என் கையை அவங்க கையில புடிச்சுக் குடுத்த அப்பாவுக்காக. அவருக்குத் தெரியாது."

பிறகு, "டேனியலுக்காக. அவன் யாருக்கும் எந்திரிச்சு நிக்க வேணாம்" என்றான்.

அதற்கு டேனியலால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன்.

மறுநாள் அந்த அழைப்பு மீண்டும் வந்தது. டேனியல் உட்கார்ந்தபடியே எடுத்தான். "நான் அறிமுகத்துக்கு வர மாட்டேண்ணே. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சேர்க்கைப் பதிவுக்குப் போன அன்று நானும் என் கணவரும் முதலில் மாணவர் விவகார அலுவலகத்துக்குப் போனோம். அழைத்தவனின் பெயரைச் சொன்னோம். அங்கிருந்த அதிகாரி அம்மா அதே நிமிடம் விசாரணையைத் தொடங்கினார். டேனியலுக்கு வேறு கட்டடத்தில் அறை கொடுத்தார். ரோசி அக்கா, டேனியலைப் போலவே தான் நம்பர் கொடுத்து அறிமுகப்படுத்திவிட்ட மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அத்தனை பேரையும் கூப்பிட்டு எச்சரித்தார். முதல் சில மாதங்கள் நம்மவர்கள் யாரும் டேனியலோடு சாப்பிட உட்காரவில்லை. தனியாகச் சாப்பிட்டான். ஆனால் சாப்பிட்டான், படித்தான், இன்றும் படிக்கிறான். ஆண்டவருக்கே புகழ்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் சாட்சியில் பொய் கலக்கக் கூடாது. அன்று பேசி முடித்த சவரி காய்ச்சலில் விழுந்தான். பல நாள் கடைக்குப் போகவில்லை. நான் கேட்ட வார்த்தையை மாதா அவனுடைய காயத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் நன்றியும் பயமும் சேர்ந்தே வருகின்றன. இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுக்கா" என்றான்.

பெற்றோர்களே, கல்லூரி தேடும்போது படிப்பையும் கட்டணத்தையும் விசாரிக்கிறோம். ஹாஸ்டல் கதவு சாத்தியபின் என்ன நடக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள். நம்மவர்கள் என்பதற்காக மட்டும் யார் கையிலும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

டேனியல் வாரம் தவறாமல் போன் செய்கிறான். மாமாவிடம் கொடுங்கள் என்பான். சவரி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்.

"நல்லாத் தூங்குறியாடா?"

"தூங்குறேன் மாமா."

இந்தப் பதிலுக்காக நான் தினமும் முழங்காலில் நிற்கிறேன். உங்கள் பிள்ளைக்காக நீங்களும் இதையே கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். ஆண்டவர் கொடுப்பார்.