ராசா கும்பிட்ட மாமா

அது ஒரு பழைய சுவடி ஓவியம். குதிரையை விட்டு இறங்கிய ராஜா, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சாமியாரைக் கைகூப்பிக் கும்பிடுகிறார். சாமியாரின் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அம்புட்டு மெல்லிய தூரிகைக் கோடு. ஆனால் தங்க ஒளிவட்டம் ராஜாவின் தலைக்குப் பின்னால்தான். சாமியாருக்கு மரநிழல் மட்டும். அந்த மாதிரிப் படம் இப்போது எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு என் தாய்மாமா ஞாபகம்தான்.

சிவகாசியில் நான் டிசைன் வேலை பார்த்த அச்சகத்தில் மாமா கட்டிங் மெஷின் ஓட்டியவர். காசநோய் வந்து உருக்குலைந்ததும் முதலாளி நிறுத்திவிட்டார். "ஒடம்பு தேறட்டும்லே, பொறவு பாக்கலாம்" என்று அவர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாமா உடம்பு தேறும் நாளையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த சீசனில் முதலாளிக்கு ஓர் ஆசை. காலண்டரில் இந்த ஓவியத்தைப் போட்டோவாக எடுத்துப் போடணும், ராஜாவாகத் தானே நிற்கணும். "கும்பிட்டாலும் வெளிச்சம் ராசாவுக்குத்தாம்லே" என்று சிரித்தார். சாமியாருக்கு ஆள் தேடவே இல்லை. "அந்த எலும்பனை வரச்சொல்லு."

முதலாளி கூப்பிடுகிறார் என்றதும் மாமா வேலைக்குத்தான் என்று நினைத்துவிட்டார். தேய்த்த சட்டையோடு திருத்தங்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒட்டுத்தாடி வைத்து, விபூதி பூசி, புலித்தோல் அச்சடித்த துணியில் உட்கார வைத்தார்கள். ஜரிகை உடுப்பில் முதலாளி எதிரே குனிந்து கைகூப்பினார். கூப்பிய அந்தக் கையைப் பார்த்துத்தான் மாமாவுக்குத் துணிச்சல் வந்திருக்கணும்.

"மொதலாளி, திங்கக்கிழமையிலருந்து வரட்டுமா?"

முதலாளி கையை இறக்கவில்லை. "சாமியாருக்கு எதுக்குலே வேலை?"

மெஷின்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள், மாமாவோடு டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள்தான். ஒருவன் "சாமி, எனக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?" என்று காலிலேயே விழுந்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டார். "அப்படியே இருங்க, அசையாதீக!" என்று போட்டோக்காரர் கத்தினார். என்ன ஒரு சாந்தம் என்று பின்னால் ஊரே மெச்சியது அந்த முகத்தைத்தான்.

கிளம்பும்போது முதலாளி மாமாவின் விலாவில் விரலால் தட்டினார். "ஒடம்பத் தேத்திப்புடாதலே. அடுத்த வருசமும் நீதான் சாமி. என்ன?"

"சரிங்க மொதலாளி" என்றார் மாமா.

பைக்கில் நான்தான் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். அத்தை வாசலிலேயே நின்று "வேலை தந்துட்டாகளா?" என்று கேட்டாள். "அடுத்த வருசம் கூப்பிடுவாக" என்றார். அவள் சோற்றோடு அவித்த முட்டையும் வைத்தாள். மாமா முட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் சோற்றிலும் பாதியை அத்தையிடம் எடுத்துவிடச் சொன்னார்.