நாலு நாள் பனி

எங்கள் மாம்புரியில் என் அண்ணனை யாரும் வெறும் யூட் என்று சொல்வதில்லை. எயார்போட் யூட். அந்தப் பட்டத்தை ஊர் சூட்டவில்லை, வீட்டுக்காரர் நாங்கள்தான் சூட்டினோம். என் வாயும் அதில் சும்மா இருக்கவில்லை.

அவன் கடல்தொழில் செய்தவன். கிழிந்த வலையைப் பொத்துவதில் அவனைப்போல் கைகாரன் இந்தக் கரையில் இல்லை. ஆனால் மீன் இல்லாத கடலில் கைகாரனாக இருந்து என்ன செய்வது? எட்டு வருடத்துக்கு முன் சவூதிக்குப் போனான். அங்கே மலைமேல் ஒரு நகரமாம். அந்த நகரத்துக்கென்று ஒரு சின்னச் சர்வதேச விமான நிலையமாம். அங்கேதான் அவனுக்கு வேலையாம்.

முதல் மாதமே ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் ஜாக்கெட், கையில் வோக்கிடோக்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு முழு விமானம். "நான் கை காட்டினாத்தான் அம்மா ப்ளேன் நகரும்" என்றான். அம்மா அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, தலவிலக் கோயில் புனித அன்னம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கதை முடிந்த பிறகுதான் தேத்தண்ணீர்.

ஒவ்வொரு வருடமும் தலவிலப் பெருநாளுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவோம். ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டு. வேலைக்கு ஆள் காணாது, மேலதிகாரி லீவு, மலையில் பனிமூட்டம். அம்மா எல்லாவற்றையும் நம்பினாள். "அவன் இல்லாட்டி அங்க ஒண்டும் ஓடாது பிள்ளை" என்று எனக்கே விளக்கம் சொல்வாள்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி, அரை மணித்தியாலம்தான். அதற்குள்ளும் என் கையைப் பிடித்து ஒன்று சொன்னாள்: "யூட் வந்து என்ர முகத்தை மூடின பிறகுதான் பெட்டியை அடிக்கோணும்." எங்கள் வழக்கத்தில் கடைசியாக முகத்தில் துணி போடுவது பிள்ளைதான். மூத்தவன் போடவேண்டும் என்பது அவளின் ஆசை.

அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். குழந்தைபோல் அழுதான். நாளைக்கே ஏறுகிறேன் என்றான். உடல் கெடாமலிருக்க எம்பாம் பண்ணி அம்மாவை நடுவீட்டில் வைத்தோம். புதன்கிழமை எடுத்தான்: "சரியான பனி, ப்ளேன் ஏறாது." வியாழனும் பனி. வெள்ளியும் பனி. எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. ஓடுபாதையிலேயே நிற்கிறவனுக்கு இடம் கிடைக்காமல் போகுமா? கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

சனிக்கிழமை விடியும்போது அம்மாவின் முகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. சாம்பிராணியை மீறி வாடை வந்தது. கதிரைகளை ஆட்கள் மெல்ல மெல்ல முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாதர் வந்து, "நிஷாந்தினி, இனியும் வைச்சிருக்க ஏலாது" என்றார்.

"பனி விலகினா அடுத்த நிமிசம் ஏறிடுவான் பாதர்! அவன் எயார்போட்டில வேலை செய்யிறவன்!" என்று அவரிடமே கத்தினேன்.

அந்த நேரம்தான் றிஸ்கான் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பக்கத்துப் பள்ளிவாசல்துறைப் பொடியன். அதே மலைநகரத்தில், விமான நிலையத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் வேலை. லீவில் அன்று விடியப்புறம்தான் கட்டுநாயக்காவில் ப்ளேனால் இறங்கி, செய்தி கேட்டு நேரே வந்திருந்தான்.

"தம்பி, அங்க பனியாமே?" என்று முற்றத்தில் யாரோ கேட்டார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஓம், சரியான பனி. நான் வந்ததே பெரிய காரியம்."

அவன் பார்த்த பார்வை சரியில்லை; குசினி அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், உண்மையைச் சொல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "பனி ஒண்டும் இல்ல அக்கா. எல்லாப் ப்ளேனும் நேரத்துக்கு ஏறுது. யூட் அண்ணன்ட பாஸ்போட் கம்பனிக்காரன்ட அலுமாரிக்குள்ள பூட்டி ஈக்குது. நாலு நாளா அந்த ஒபிஸ் வாசல்ல நிண்டு கெஞ்சினார். என்ட கண்ணால பாத்தன்."

"அவன் அங்க பெரிய ஆளல்லோ?"

"குருவி, புறா உள்ளுக்குப் போகாம எயார்போட் கூரைக்கு வலை கட்டுறவர் அக்கா. கிழிஞ்சா பொத்துவார். அந்தப் படத்தில உள்ள வோக்கிடோக்கி வேற ஆள்ட."

ஐயோ என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளக்கூட எனக்கு வரவில்லை. நடுவீட்டுக்குப் போனேன். பாதரிடம், "மூடுவம்" என்றேன். துணியை எடுத்து அம்மாவின் முகத்தில் நானே போட்டேன். நான் அழாமல் நின்றதைப் பார்த்தவர்கள் கவலையில் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஆத்திரம். அந்தக் கம்பனிக்காரன் நாசமாய்ப் போக வேண்டும். அவன்மேல் மட்டும்தான் ஆத்திரம் என்று சொன்னால் அது பொய்.

பின்னேரம் சேமக்காலையில் அடக்கிவிட்டு வந்து, கால் கழுவுவதற்கு முதல் போன் அடித்தது.

"நிஷா, இங்க இப்பதான் பனி விலகுது. நாளைக்கு ஏறிடுவன். அம்மாவை வைச்சிருக்கிறியள்தானே?"

"றிஸ்கான் வந்திட்டான்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஊருக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

எட்டு வருடம் கடலில்லாத ஊரில் வலை கட்டியவன், பெற்றவளைப் புதைத்த அன்று கேட்ட முதல் கேள்வி அது.

"இல்ல அண்ணா. ஊருக்குப் பனிதான்" என்றேன். "பாஸ்போட் இல்லையெண்டு செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தியெண்டா, அம்மாவை நல்ல முகத்தோட அடக்கியிருப்பன்."