சிப்பாய்க் குப்பம் உண்டான கதை

கோட்டை வாசலில் என் கணவர் தன் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்த காலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இலங்கைக் காட்டுச் சண்டைக்கு இங்கிருந்து கப்பலேறிப் போன சிப்பாய்களில் அவரும் ஒருவர். எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது இடது கால் முழங்காலோடு போயிருந்தது. சட்டையை வாங்கிக்கொண்ட எழுத்துக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "லயத்து வூட்டை அமாவாசைக்குள்ள காலி பண்ணிடணும். வேலையில கீறவனுக்குத்தான் வூடு. உத்தரவு அப்படி."

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கோட்டை அகழிக்கு வெளியே சிப்பாய்களுக்கென்று கட்டியிருந்த வீட்டு வரிசையைத்தான் லயம் என்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒன்பது வருடம் அங்கேதான் குடித்தனம் பண்ணினேன். என் இரண்டு பெண்களும் பிறந்தது அங்கேதான். நான் கடலைவிட்டுத் தள்ளி, நெல் விளையும் ஊரில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அங்கே எனக்கென்று ஒரு மூலை இல்லை. அவரோ சின்ன வயதிலேயே அநாதையாகிக் கோட்டையில் சேர்ந்தவர். எங்கே போவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பெண்கள் மட்டும், "நைனா, நாம எங்க போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, லயத்துக்கு வழக்கமாக இறால் கொண்டுவரும் அக்கா வந்தார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஏரியில் தண்ணீர் குறைவான இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே இருந்ததில் முன்பற்கள் தேய்ந்து சாய்ந்திருந்தன. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சு குறைவு. இறாலை முறத்தில் கொட்டுவார், கொடுத்த அரிசியை மடியில் கட்டிக்கொள்வார், போய்விடுவார். அன்று நான் சட்டிபானைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார்.

"எங்க போற?"

"தெரியலக்கா."

கொஞ்ச நேரம் என்னையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க குப்பத்துல எடம் கீது. வா" என்றார்.

உள்ளே படுத்திருந்த என் கணவருக்கு இது கேட்டுவிட்டது. கட்டைக்கோலை ஊன்றி வாசல்வரை வந்தார். "வாணாங்க்கா" என்றவர் பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அன்னைக்கு உங்க வூட்டைப் பிரிச்சதுல நானும் ஒருத்தன்."

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது அது. வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் அடுப்பெரியக் கூடாது என்று, கோட்டைச் சுவரோரம் இருந்த மீன்காரர் குடிசைகளை ஒரே நாளில் பிரித்துப் போட்டார்கள். அங்கிருந்தவர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில் போய்க் குடியேறினார்கள். சிப்பாய்கள் போனார்கள் என்று எனக்குத் தெரியும். இவரும் போனார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா அசையவில்லை. "தெரியும். நீட்டுக் கழியால எங்க கூரையைத் தள்ளினவனே நீதான். அடுத்த வாட்டி இறால் கொண்டாரும்போதே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா இத்தினி நாளா என் முறத்துல இறால் கொட்டினீங்க?" என்றேன்.

"நீயா பிரிச்ச?" என்று என்னைக் கேட்டார். பிறகு அவரைப் பார்த்து, "உனக்காவக் கூப்புடல. ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீதுங்க. ஐப்பசி வருது" என்றார்.

மறுநாள் தோணியில் எங்களை அக்கரைக்குக் கூட்டிப்போனார். ஆனால் ஒரு குடும்பத்தைக் கரையில் குடியேற்றுவது அக்கா ஒருத்தர் கையில் இல்லை. குப்பத்துப் பெரியவரை எல்லாரும் நாட்டார் என்பார்கள். அவர் ஆட்களைக் கூட்டினார். என் கணவரால் நெடுநேரம் நிற்க முடியாததால் மணலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் அவரே சொன்னார். சொல்லி முடித்ததும், சொந்தமாகத் தோணி வைத்திருந்த ஒருவர் எழுந்தார். குடிசை பிரித்த அன்று பெய்த மழையில் அவருடைய தாய் நனைந்து, காய்ச்சலில் விழுந்து, அந்த மாதமே இறந்துபோயிருந்தார்.

"எங்க ஆத்தா செத்தது இவனுங்களால. இவன் கூரைக்கு நான் ஓலை குடுக்கணுமா?" என்று கேட்டார்.

என் கணவர் தலை குனிந்தபடியே பதில் சொன்னார். "குடுக்க வாணாம்ணா. உத்தரவுன்னு சொல்லி நான் தப்பிச்சிக்க மாட்டேன். இதுங்க மூணு பேருக்கு மட்டும் எடம் குடுங்க. நான் கோயிலாண்ட படுத்துக்கிறேன்."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சின்னவள் போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அக்காதான் பேசினார், தோணிக்காரரைப் பார்த்து. "உங்க ஆத்தாளுக்குக் கடைசியா கஞ்சி ஊத்தினவ நான். அது இருந்திருந்தா இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

தோணிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். எல்லாரும் நாட்டாரைப் பார்த்தார்கள். "எழுந்து போனானே தவிர, வாணாம்னு அவன் சொல்லல" என்றார் நாட்டார். அவ்வளவுதான் தீர்ப்பு.

ஒரு வீட்டை ஊரே சேர்ந்து கட்டுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. லயத்தில் வீடு என்பது கோட்டை கொடுப்பது, கோட்டை எடுத்துக்கொள்வது. இங்கே ஒரு வீட்டிலிருந்து கூரைச் சட்டத்துக்குப் பனங்கை வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து இரண்டு கட்டு ஓலை. கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண், தன்னிடம் வேறொன்றும் இல்லையென்று வந்து நாள் முழுக்க மண் குழைத்தாள். நான் களிமண் சுமந்தேன். என் பெண்கள் உமியையும் வைக்கோலையும் அதில் போட்டு மிதித்தார்கள். அக்கா விடிந்ததும் ஏரிக்குப் போய்விட்டு, வெயில் ஏறும்போது ஈரச் சேலையோடு நேரே வந்து சுவர் வைப்பார். என் கணவர் உட்கார்ந்த இடத்திலேயே ஓலை கட்டக் கயிறு திரித்தார். அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கஞ்சி ஊற்றும்போது அவர் கலயமும் நிரம்பியது.

ஐந்தாம் நாள், மேலே முகட்டு வளை ஏற்ற வேண்டிய நேரத்தில் தோணிக்காரர் வந்தார். கட்டியிருந்த கழிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இப்படிக் கட்டினா ஐப்பசிக் காத்துக்கு நிக்குமா? எறங்குங்கடா" என்று இளவட்டங்களை இறக்கிவிட்டு, தானே ஏறினார். கீழே நின்று ஒவ்வொருவராகக் கயிறு நீட்டினார்கள். ஒரு தடவை நீட்ட ஆளில்லாதபோது என் கணவர் கோலை ஊன்றி எழுந்து, தான் திரித்த கயிற்றைத் தூக்கிக் காட்டினார். தோணிக்காரர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். குனிந்து வாங்கினார். இழுத்து முறுக்கிப் பார்த்துவிட்டுக் கட்டினார். அந்த வருடம் அடித்த காற்றில் பல கூரைகள் பறந்தன. எங்களுடையது நின்றது.

நன்றி சொல்ல நான் பல தடவை அக்காவிடம் போனதுண்டு. சொல்ல விடமாட்டார். பறியைக் கையில் கொடுத்து, "இத்தக் கழுவு" என்பார். எனக்கு ஏரியில் இறங்கவும் அவரோடு போய்ப் போய்த்தான் பழக்கமாயிற்று. மாசிக்குப் பிறகு ஒரு நாள், தோணிக்காரர் கிழிந்த வலையொன்றைக் கொண்டுவந்து என் கணவர் முன்னால் போட்டுவிட்டுப் போனார். முடிச்சுப் போட இவருக்குத் தெரியாது. நாட்டார் மகனிடம் கேட்டுக்கேட்டு மூன்று நாளில் கிழிசலைப் பொத்தி அனுப்பினார். அதன் பிறகு வலை வருவது நிற்கவில்லை. அவர்களுக்குள் பேச்சு வர இன்னும் ஒரு வருடம் ஆனது.

இலங்கையிலிருந்து வந்த அடுத்த கப்பலில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவருக்குக் கண் போயிருந்தது, மற்றவருக்குக் கை. அவர்களையும் லயத்திலிருந்து வெளியேற்றினார்கள். அக்கா தோணியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் குடும்பங்களை அழைத்துவந்தார். இந்தத் தடவை நாட்டார் கூட்டம் கூட்டவில்லை. எங்கள் வீட்டுக்குத் தெற்கே மணலைக் காலால் கீறி அளவு காட்டினார். என் கணவர் தவழ்ந்து தவழ்ந்து ஓலை எடுத்துக் கொடுத்தார். அப்படித்தான் அந்த வரிசைக்குச் சிப்பாய்க் குப்பம் என்று பேர் வந்தது.

அக்கா போய்ப் பல வருடமாகிறது. ஏரிச்சேற்றில் ஏதோ முள் தைத்து, கால் வீங்கி, ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் கால்மாட்டில் உட்கார்ந்து விசிறியவர் என் கணவர். பாடையில் ஒரு முனையை அவரால் தூக்க முடியாது என்பதால், தோணிக்காரர் அவரைத் தோளில் தாங்கிச் சுடுகாடுவரை நடத்திக்கொண்டு போனார்.

இப்போது கோட்டையில் பறப்பது வேறு கொடி. சுவர் பாதி இடிந்து கிடக்கிறது. என் கணவரும் இல்லை. போன வாரம் சுண்ணாம்புக்குளம் பக்கமிருந்து வந்த தோணியில் ஒரு குடும்பம் இறங்கியது. ஆணுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. எந்தக் கொடிக்காகச் சண்டை போட்டான் என்று நான் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. அவன் மனைவி கைக்குழந்தையோடு, உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் வெயிலில் நின்றிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "உக்காரும்மா, உக்காரு" என்றேன். திரும்பிப் பார்த்தால், என் சின்ன மகள் எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து ஓலைக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஐப்பசிக்குள் எங்கள் கூரைக்கு வேறு ஓலை தேட வேண்டும்.