ஒரு கைக்கு ஏற்ற புத்தகம்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு 'நூறாம் பக்கம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம், அவருக்கு வருத்தம் கிடையாது. எந்தப் புத்தகத்தையும் நூறு பக்கம் தாண்டாமல் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். தாண்டிவிட்டால் வாயை மூடமாட்டார். படித்து முடித்துவிட்டாலோ அந்தப் புத்தகத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. ஏப்பம் விட்ட பிறகு உப்பு பத்தவில்லை என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம் என்பார். வாயில் சோறு இருக்கும்போதே சொல்லவேண்டும் என்பது அவர் கட்சி.

நான் அங்கே நர்ஸ். எனக்கும் புத்தகத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பத்து வருடம் அவரோடு வேலை பார்த்ததில் இருநூறு புத்தகங்களின் நடுப்பகுதி எனக்கு மனப்பாடம். எதன் முடிவும் தெரியாது.

பிரிவில் ஆறு நாற்காலிகள், ஆறு மெஷின்கள். வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் உட்கார்ந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறவர்கள் எங்கள் ஆட்கள். வந்ததும் எடை பார்ப்போம், போகும்போதும் பார்ப்போம். ஒரு கையில் இரண்டு ஊசி இருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை.

ஒரு கையால் தடித்த புத்தகம் படிக்க முடியாது என்பதை நான்காம் நாற்காலி பேக்கரிக்காரர் எங்களுக்கு நிரூபித்துக் காட்டினார். புத்தகம் நழுவியது, ஊசி இருந்த கையால் எட்டிப் பிடித்தார், தரையெல்லாம் ரத்தம். நான் போட்ட கூச்சலில் வாசல் காவல்காரர் ஓடி வந்துவிட்டார். மறுநாள் நூறாம் பக்கம் அதே நாவலை பிளேடால் நான்கு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிக் கொண்டுவந்தார். ஊசிக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. ஆஸ்பத்திரிச் சொத்து என்று நான் சண்டை பிடித்த பிறகு சொந்தக் காசில் ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, இது கொலை என்றார். அடுத்த வாரம் மூன்றாம் பாகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்ததும் அவர்தான்.

அன்றிலிருந்து எல்லாப் புத்தகமும் நான்கு துண்டு. அட்டை கிடையாது. முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பாகங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது, எங்கள் அலமாரியிலேயே இருக்கவேண்டும். ஒரே கதையில் ஒருவர் கல்யாணத்தில் இருப்பார், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் விவாகரத்தில் இருப்பார். இருவரும் அவரவர் கருத்தைச் சொல்லிக்கொள்வார்கள். நடுவில் நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறாம் நாற்காலிக்கு 'மீட்டர்' வந்தது அப்போதுதான். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்த மனிதர். அடுத்தவர் வீட்டில் எந்த பல்பு வீணாக எரிகிறது என்று பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதைக் கண்டாலும் குறை சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. மகள்தான் கூட்டிக்கொண்டு வருவாள். உள்ளே விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள்.

ஏழெட்டு மாதம் ஆனதும் அவர் டாக்டரிடம், இது போதும், நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் விளக்கினார். தெரியும் என்றார். டாக்டர் மகளையும் எங்களையும் கூப்பிட்டு, இது அவர் எடுக்கவேண்டிய முடிவு, யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறார், யாரும் கெஞ்சவோ மிரட்டவோ வேண்டாம் என்று சொன்னார். நியாயமான பேச்சு. மகள் தலையாட்டிவிட்டு வராந்தாவில் போய் அழுதாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வாய் பொத்திக்கொள்ளப் பழகிய வாய் இல்லை, அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் எனக்குப் பெரும்பாடு.

நூறாம் பக்கம் ஒரு புத்தகத்தின் முதல் பாகத்தைக் கொண்டுபோய் மீட்டரின் மடியில் வைத்தார். நல்ல புத்தகம். மீட்டர் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தூங்கிவிட்டார். அடுத்ததும் நல்ல புத்தகம். அதற்கும் தூக்கம். மூன்றாவதாக ஒரு துப்பறியும் கதை. கொலை செய்தவன் யார் என்பது நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும், துப்பறிகிறவருக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. மீட்டருக்குத் தூக்கமே வரவில்லை. நான்கு மணி நேரமும் திட்டினார். எழுதியவரை, அச்சடித்தவரை, வாங்கியவரை. எடை பார்த்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது, அந்த முட்டாள் அடுத்து என்ன செய்கிறான் என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூறாம் பக்கத்துக்கு அது போதும். அன்று மாலையே கடைக்குப் போய், எந்தப் புத்தகம் விற்கவே இல்லை என்று கேட்டு வாங்கி வந்தார். ஆனால் நூறு பக்கம் தாண்டாமல் எதையும் சிபாரிசு செய்வதில்லை என்பது அவர் விரதம். அதனால் ஒவ்வொன்றையும் அவரே முதலில் நூறு பக்கம் படித்தார். ராத்திரி ட்யூட்டி பார்த்தவர் மாதிரி முகம் வீங்கி வருவார். மீட்டரிடம் பொய்யும் சொல்லமாட்டார்.

“நூத்திப் பன்னெண்டு வரைக்கும் வந்துட்டேன் சார். சகிக்கல. நீங்களும் பாருங்க.”

மீட்டர் பார்ப்பார். திட்டுவார். அடுத்த பாகத்துக்கு வருவார். இப்படியே மூன்று மாதம் ஓடியது. வைத்தியத் தொழிலில் இவ்வளவு பெரிய தியாகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, அதை அவரிடம் சொன்னதும் இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்லியாகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை அலமாரியைத் துடைத்தேன். உள்ளே பாகங்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. எங்களுக்கு ஊசி ஆனாலும் குழாய் ஆனாலும் நம்பர்படி அடுக்கித்தான் பழக்கம். அதே மாதிரி அடுக்கினேன். ஒன்று எல்லாம் ஒரு தட்டில், இரண்டு எல்லாம் ஒரு தட்டில், மூன்று, நான்கு. அலமாரி அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. புத்தகம் படிக்கிற எவரும் அந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டார்கள்.

புதன்கிழமை மீட்டர் மூன்றாம் பாகம் கேட்டார். நூறாம் பக்கம் ஒரு மெஷின் கத்துகிறது என்று அங்கே போயிருந்தார். நான் மூன்றாம் தட்டில் மேலாக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அது நூறாம் பக்கம் தனக்கென்று வாங்கிப் படித்துக்கொண்டிருந்த நாவலின் மூன்றாம் பாகம்.

நான்கு மணி நேரம் மீட்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மயக்கமோ என்று இரண்டு தடவை அழுத்தம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஊசியை எடுக்கும்போது, ஆட்கள் பேரெல்லாம் மாறிவிட்டது, இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நூறாம் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாகத்தை வாங்கிப் புரட்டினார். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மீட்டர் வரவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். அப்பா இனிமேல் வேண்டாம் என்கிறார், டாக்டர் சொன்ன மாதிரி நானும் சரி என்றுவிட்டேன் என்றாள். சொல்லிவிட்டு போனை வைக்காமல் அப்படியே இருந்தாள். நானும் இருந்தேன்.

அந்த மூன்றாம் பாகத்தில் என்ன இருந்தது என்று நூறாம் பக்கம் அப்போதுதான் சொன்னார். ஒரு பெரியவர். இனி இந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை, நாளைக் காலையில் கிளம்புகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று வீட்டாரிடம் சொல்கிறார். பாகம் அங்கே முடிகிறது. பிளேடு அந்த இடத்தில்தான் இறங்கியிருந்தது. அலமாரியை அடுக்கியது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பிளாஸ்திரி டப்பாவை எடுத்துத் திறந்து, திரும்ப மூடி வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்று யாரிடமும் அவர் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று டீச்சர் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மீட்டர் உள்ளே வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது, மூச்சு முட்டியது. எடை நாலரைக் கிலோ ஏறியிருந்தது. என்னைக் கண்டுகொள்ளவில்லை. நூறாம் பக்கத்தைப் பார்த்து, நாலாம் பாகம் எங்கே என்று கேட்டார்.

முதலில் மூச்சு, அப்புறம்தான் படிப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மூச்சு கொஞ்சம் அடங்கியதும் அதே நாவலின் நாலாம் பாகத்தைக் கையில் கொடுத்தோம். மகளை வராந்தாவில் விட மனம் வரவில்லை, உள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டேன். மீட்டர் படித்தார். நூறாம் பக்கம் பழுது ஒன்றும் இல்லாத மெஷின் பக்கத்தில் நின்று அதன் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டயாலிசிஸ் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது மீட்டர் பாகத்தை மடியில் கவிழ்த்தார்.

ஒருவர் படித்து முடித்துவிட்ட புத்தகத்தைப் பற்றி நூறாம் பக்கம் கேட்டு நான் பார்த்த ஒரே தடவை அதுதான்.

“எப்படி இருந்துது சார்?”

“கடைசில சொதப்பிட்டான், தம்பி.” மீட்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “கிழவன் போறேங்கிறான். பொண்ணு பெட்டியை எடுத்துக் குடுக்குது. மருமகன் வண்டி கொண்டு வரான். எல்லாரும் மரியாதையா வாசல்வரைக்கும் வந்து நிக்கிறாங்க. போகாதேன்னு ஒருத்தராவது திட்ட வேணாமா? என்ன வீடு அது?”

டாக்டர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. இருந்து என்ன செய்ய?

“திட்டுறதுக்குத்தானே ஆள் வேணும்? நான் இருக்கேன்” என்றேன். “மூணு மாசமா உங்க பொண்ணு வெளிய உக்காந்து அழுவுறா. உள்ள நாங்க மரியாதையா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறோம். இந்த மனுஷன் உங்களுக்காகக் குப்பை குப்பையாப் படிச்சுக் கண்ணு கெட்டுப் போயிருக்காரு. உங்க மேல மரியாதை இருக்கு சார், அதுக்காக இனிமே சும்மா இருக்க மாட்டேன். திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு இந்த நாற்காலி காலியா இருந்துச்சு, வீட்டுக்கே வந்து இழுத்துட்டு வருவேன்.”

எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.

மகள் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை. ஊசி இல்லாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சரின்னு சொன்னது பொய்ப்பா” என்றாள். “போகாதீங்க.”

மீட்டர் அவளைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை முறைத்தார். படிக்கிற கையை அவள் பிடித்திருந்ததால், மடியில் இருந்த பாகத்தை எடுத்துக்கொள்ளும்படி நூறாம் பக்கத்துக்குத் தாடையால் ஜாடை காட்டினார்.

“தம்பி, அந்தப் பழைய கதையோட மூணாம் பாகம் இருக்குல்ல, நிஜமான மூணாம் பாகம்? திங்கக்கிழமைக்கு எடுத்து வை.”

“சகிக்காது சார்.”

“தெரியும். எடுத்து வை.”

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர் எடை மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டு, இங்கே வேலைக்கு யாருமே வரவில்லையா என்று கத்திக்கொண்டிருந்தார்.