நேர்ல வந்து வாங்கிக்கலாமா?

தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்த அம்மாளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவே அவளை ‘எங்கேர்ந்து அக்கா’ என்றுதான் சொல்லும். ஆன்லைனில் யார் எதை வாங்கப் போனாலும் போனைப் பிடுங்கிப் பார்த்து, இது எங்கேர்ந்து வருது என்று கேட்பாள். யாரும் யோசனை கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

சும்மா வந்த புத்தியா அது? பக்கத்துக் கிடங்கிலிருந்து அனுப்புகிறோம், மூன்றே நாளில் கையில் என்று சத்தியம் பண்ணிய ஒருவனிடம் ஒருமுறை தையல் மெஷின் மோட்டார் வாங்கினாள். அது கடல் தாண்டி ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஏறிய எரிச்சல் பிறகு இறங்கவேயில்லை. உள்ளூர்க் கிடங்கு என்று போட்டிருப்பான். படத்தில் இருக்கும் பிளக் நம் வீட்டுச் சுவரில் எந்த ஜென்மத்திலும் நுழையாது. மூன்று நாள் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு மாதம்வரை ஆகலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். திருப்பி அனுப்ப விலாசம் கேட்டால் ஊமையாகிவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம் என்று பல்லைக் கடிப்பாள்.

இதற்கெல்லாம் மேல் அவளிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. விற்கிறவனுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புவாள்: “நேர்ல வந்து வாங்கிக்கலாமா?” உள்ளூர்க்காரன் வாங்க என்பான், பொய்யன் மழுப்புவான். இப்படி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறாள். காப்பாற்றிய கையோடு, ஏமாற இருந்தவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். ஆனால் ஒன்று. கேட்டதோடு சரி, ஒருமுறைகூட அவள் நேரில் போனதில்லை.

அப்படிப்பட்டவளின் வீட்டில்தான் கன்ட்ரோலர் எரிந்துபோனது.

அவளுடைய அண்ணன் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் நடமாடுகிறவர். சக்கரத்தைத் தானே உருட்டக் கையில் பலம் போதாது. விரலால் நகர்த்தும் அந்தக் கன்ட்ரோலர் இருந்தால்தான் அவர் நினைத்த இடத்துக்குப் போக முடியும். வருகிற திங்கட்கிழமை ஒரு பேருந்து அலுவலகத்தில், புகார் கேட்கும் பிரிவில் வேலைக்குச் சேர வேண்டும். எத்தனையோ இடத்தில் கேட்டுக் கேட்டுக் கிடைத்த வேலை. பிறர் தள்ளும் பழைய நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது. முதல் நாள் அதில் போவதா என்று நினைத்தாலே அவருக்கு முகம் சுருங்கியது.

“தள்ளிட்டு வந்தா, தள்ளுறவங்ககிட்டதான் எல்லாரும் பேசுவாங்க. நான் மூட்டை மாதிரி உக்காந்திருக்கணும். முதல் நாளே அப்படிப் போனா கடைசிவரைக்கும் அதேதான்” என்றார்.

“கவலைப்படாதீங்கண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும். என்னையா ஏமாத்திருவாங்க?” என்றாள் தங்கை.

பழைய மாடல் என்பதால் கடைகளில் கிடைக்கவில்லை. ஆன்லைனில் இரண்டே பேர் உள்ளூர் என்று போட்டிருந்தார்கள். ஒருவனிடம் பளபளக்கும் படங்களோடு புதியது. இன்னொருவரிடம் மங்கலான ஒரே படத்தோடு பழையது. இருவருக்கும் பிரம்மாஸ்திரத்தை ஏவினாள்.

முதலாமவன் உடனே பதில் போட்டான். தாராளமாக வாருங்கள், எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும், ஆனாலும் உங்களுக்கு எதற்குச் சிரமம், நாளைக்கே வீடு தேடி வந்துவிடும் என்று விலாசத்தோடு உபசாரம். இரண்டாவது ஆள் அரை நாள் கழித்து, வீட்டுக்கு வேண்டாம், கூரியரில் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தார். இது போதாதா? வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர் என்று போட வெட்கமாக இல்லையா என்று அந்த ஆளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, முதலாமவனிடம் பணத்தைக் கட்டினாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பார்சல் தயாராகிறது என்றே போன் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு, முதல்முறையாக நேரிலேயே போனாள். அந்த விலாசத்தில் இருந்தது ஒரு நீச்சல் குளம். விசாரித்தவளைக் காவலாளி ஏற இறங்கப் பார்த்து, “நீங்களுமா?” என்றார். அங்கேயே நின்று, விற்றவனுக்குப் போட்ட செய்திக்கு, சரக்கு அடுத்த மாதம் கப்பல் ஏறும் என்று பதில் வந்தது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டாவது ஆளிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் போனிலேயே கூப்பிட்டாள்.

“அது எங்கம்மாவோட நாற்காலிலேர்ந்து எடுத்ததுங்க. அம்மா போயிட்டாங்க. நான் வீட்ல தனியா இருக்கேன். முன்ன பின்ன தெரியாதவங்கள எப்படிங்க வீட்டுக்கு வரச் சொல்றது? நீங்க திட்டின அன்னைக்கே வேற ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேன்.”

அந்தப் பெண் இருந்ததும் நாலு தெரு தள்ளித்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. தெரியாதவர்களுக்கு விலாசம் கொடுக்காதே என்று எத்தனை பெண்களுக்கு இவளே பாடம் எடுத்திருக்கிறாள்! தன் வாயைத் தானே தைத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அண்ணன் கத்தித் தீர்த்திருந்தாலாவது பரவாயில்லை. அவர், அந்தப் பொண்ணைத் திட்டாம இருந்திருக்கலாமேம்மா என்று ஒன்று சொன்னதோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் தள்ளிக்கொண்டு போனாள். அலுவலகத்தில் மேலாளர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டார்.

“இவர் கையெழுத்துப் போடுவாரா?”

வகை வகையான பதில்கள் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஒன்றைச் சொன்னாலும் அண்ணன் பயந்தது அப்படியே பலித்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்களைத்தாம்மா கேக்கறேன்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“சார், தள்ளிட்டு வந்ததுதான் அவங்க. வேலைக்கு வந்தது நான்.”

மேலாளர் அப்போதுதான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு, திரும்பாமலே, “நீ போம்மா” என்றார் தங்கையிடம்.

ஒரு வார்த்தை பேசாமல் அவள் வெளியே வந்தாள்.