ஒன்று ஆமாம், இரண்டு இல்லை

நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளோடு ஒரே எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறேன். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். தெருமுனையில் அவர் பேசினால் வீட்டு அடுப்படியில் கேட்கும். பக்கவாதம் வந்து, அந்தக் குரலையும் வலது பக்கத்தையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. கல்யாணமாகாத அண்ணன் அவரோடு இருந்தான். இவள் வேலைக்காகத் தூரத்து நகரத்தில். பேங்க், ஆஸ்பத்திரி என்று அலைய ஆள் வேண்டுமே என்று அப்பா அண்ணன் பேருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வீட்டை விற்கும் உரிமையும் அதில் சேர்ந்தே இருந்தது. ரேகை வைத்த இடது பெருவிரலில் மையைத் துடைத்துவிட்டவள் இவள்தான்.

ஞாயிறு காலைகளில் போன் செய்வாள். அண்ணன் செல்போனை அப்பாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். இவள் பேசுவாள். அப்பா இடது கையால் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒன்று என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. மோதிரம் பட்டு 'டங்' என்று கேட்கும். வீடியோவுக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. கோணிய வாயை மகள் பார்க்கக்கூடாதாம்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

டங்.

"கால் வலிக்குதா?"

டங்... டங்.

"பொய்தானே?"

டங்.

அந்த ஒரு டங்கை நினைத்து வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு ஞாயிறு... அப்பாவின் மூச்சு கேட்கவில்லை. எப்போதும் போனில் அந்த இழுப்புச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்பவள் இவள். அப்பாவும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். தட்டல் வந்தது. ஆனால் 'டங்' இல்லை.

டொக்.

அண்ணனிடம் கேட்டாள். "அப்பா மோதிரம் எங்கண்ணா?"

"விரல் வீங்கிடுச்சு. கழட்டி வச்சிருக்கேன்."

"அதான் தட்டுறது வேற மாதிரி கேக்குது."

"தட்டுறது... உனக்குக் கேட்டுச்சா?" என்றான்.

நேரில் வருகிறேன் என்றாள். அப்பாவுக்கு ஏதோ தொற்று, டாக்டர் யாரையும் கிட்டே விடவில்லை என்று தள்ளிக்கொண்டே போனான்.

முன்பெல்லாம் கையைத் தூக்க அப்பாவுக்கு நேரம் பிடிக்கும். இப்போது கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. ஒரு வாரம், ஒன்று கேட்கலாமா என்று மனதுக்குள் நினைத்தாள். வாயே திறக்கவில்லை.

டொக்.

ஒருநாள் ஊரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போனில் கூப்பிட்டாள். "வீட்டை வித்தாச்சாமே? உன்கிட்ட சொல்லலையா?"

அந்த ஞாயிறு நேராகக் கேட்டாள்.

"வீட்டை விக்கச் சொன்னது நீங்களாப்பா?"

டொக். டொக்.

"நான் வரட்டுமா?"

டொக். டொக்.

"ஏம்ப்பா?"

அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் கிடையாது. ஆனாலும் தட்டல் வந்தது.

டொக்... டொக்... டொக்...

நிற்கவில்லை.

போனை அணைத்தாள்.

அப்புறமும் கேட்டது.

மறுநாளே கிளம்பி ஊருக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. அண்ணன் வேறெங்கோ குடிபோயிருந்தான். அப்பாவை எந்த முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளினானோ என்று பதறி ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினாள். அவர் இரண்டு மூன்று அலுவலகங்களில் விசாரித்துவிட்டு வந்து, இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு உங்களுக்குத் திரும்பும்மா. பவர் குடுத்தவர் இறந்த அன்னிக்கே பவரும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் உங்க அண்ணன் போட்ட கையெழுத்து செல்லாது."

"யாரு இறந்தது?" என்றாள்.

இடுகாட்டுப் பதிவேட்டைப் பார்த்து வக்கீலம்மா சொன்ன தேதி, அந்த முதல் 'டொக்' கேட்ட ஞாயிறுக்கு முந்தைய வாரத்தில் இருந்தது.

அண்ணனை வரவழைத்தார்கள். மேசைக்கு எதிர்ப்புறம் தலைகுனிந்து உட்கார்ந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"வெளிய சொன்னா பவர் போயிடும். வீட்டை விக்க முடியாது. யாருக்கும் சொல்லாம ராத்திரியோட ராத்திரியா அடக்கம் பண்ணிட்டேன்."

"அப்படி என்ன அவசரம்?"

"கடைசி நாள் பூரா தட்டிக்கிட்டே இருந்தாரு. எப்பவும் தட்டுறதுதானேன்னு நான் போகல. அடக்கம் முடிச்சு வந்து கதவைத் திறக்கிறேன்... உள்ள இன்னும் தட்டிக்கிட்டிருந்தாரு."

அவள் தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எந்நேரமும் அதே சத்தம். நீ போன்ல பேசுறப்ப மட்டும்தான் அடங்கும். அதுக்குத்தான் போனை அந்தக் காலி ரூம்ல வச்சிட்டு வருவேன்."

கடைசி ஞாயிறு அவள் பாதியில் அணைத்தாளே, அதற்குப் பிறகு அந்த அறையில் தட்டலை அடக்க யாரும் பேசவில்லை.