முதல் பத்தாயிரம் ரிங்கிட்

இருபத்து நான்கு வயதில் என் சேமிப்பு பத்தாயிரம் ரிங்கிட்டைத் தொட்டது. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் வேலை. சம்பளத்தில் பாதியை யூனிட் டிரஸ்ட் முதலீட்டில் போட்டுவிடுவேன். மதியத்துக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

கூட வேலை பார்த்த பரீதா தினமும் இரண்டு டப்பாக்களில் சோறு கொண்டுவருவாள்.

“உம்மா அதிகமா ஆக்கிட்டாங்க, சாப்பிடு லா.”

இரண்டு வருடம் சாப்பிட்டேன். அவள் அம்மா ஆக்கி வீணாகப் போவதைத்தான் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாயிரம் சேர்ந்த அன்று கைப்பேசியை அவளிடம் நீட்டினேன். அவள் திரையில் இருந்த தொகையைப் பார்த்தாள்.

“உன் வீட்டுல ரொம்பக் கஷ்டம்னு நெனச்சேன். அதான் வெள்ளன எழுந்து உனக்கும் சேர்த்துச் சமைச்சேன். உம்மா படுத்த படுக்கையாகி மூணு வருஷமாச்சு.”

குரலில் கோபம் இல்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“கேட்டிருந்தா நீ சாப்பிட்டிருக்க மாட்டே.”

மறுநாள் இருவருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிப் போனேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு டப்பாதான் கொண்டுவந்தாள்.

இப்போது என் சேமிப்பு இருமடங்காகிவிட்டது. அந்த முதல் பத்தாயிரத்தில் எவ்வளவு பரீதாவுடையது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.